றெஜி அண்ணையின் சிவப்பு விளக்கு

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்கு வெட்கம் தரும் இடத்தையும் விடமாட்டேன். புத்தூரில் எங்கள் வாசிகசாலைக்கு வந்துபோகிற எல்லோருக்கும் றெஜி அண்ணையைத் தெரியும். ஆனால் கொடிகாமத்தில் அவர் எனக்காகச் சொன்ன ஒரு பொய், முந்தநாள்வரை என்னைத் தவிர வேறு எவருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை பாடசாலை விட்டு வந்து பத்திரிகைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவருடைய தங்கை யூலியா அக்கா கொழும்புத்துறையிலிருந்து அழைத்தார். "அண்ணை எங்களை விட்டிட்டுப் போட்டார், பிள்ளை" என்றார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கணினிக்கு முன்னால் இருந்தவர், நெஞ்சைப் பிடித்தபடி சரிந்தாராம். முப்பத்திரண்டு வயது. "ஓம்" என்றேன். பத்திரிகைத் தட்டின் மேல் அவர் பூட்டிய சின்ன விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

அந்த விளக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதியவர் அவர். எங்கள் வாசிகசாலைக்காக ஓர் இணையப் பக்கம் செய்து தந்தார். பெரியாஸ்பத்திரியில் இன்று எந்தக் கிளினிக் நடக்கும், எது நடக்காது என்று அது சொல்லும். கிளினிக்கில் மாற்றம் இருந்தால் அங்குள்ள தாதி முதல்நாள் மாலை எனக்குச் செய்தி அனுப்புவார். நான் விடிய ஐந்து மணிக்கு வாசிகசாலையைத் திறந்து அதைத் தட்டச்சு செய்து ஏற்றுவேன். எங்கோ தூரத்தில் இருக்கும் கணினி ஒன்று அதைச் சோதித்து, பக்கத்தைத் தானாகக் கட்டி வெளியிடும். இதை அண்ணை 'பில்ட்' என்பார். சரியாக முடிந்தால் விளக்குப் பச்சை, முறிந்தால் சிவப்பு.

முதல்நாள் மாலையே ஏற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். தொடக்கத்தில் அப்படித்தான் ஏற்றினேன். நாளைய அறிவித்தலை இன்றையது என்று வாசித்துச் சிலர் குழம்பிவிட்டார்கள். அதனால்தான் அண்ணை ஒரு சோதனை வைத்தார்: இன்றைய திகதிக்குப் பிந்திய எந்த அறிவித்தலையும் கணினி ஏற்காது.

அதற்குப் பிறகு, ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் சிவப்பு எரியத் தொடங்கியது. விடிய நான் ஏற்றினால் சிவப்பு. எட்டு மணிக்கு அண்ணை எழும்பி அதையே மறுபடி ஓட்டினால் பச்சை. ஓர் எழுத்தும் மாற்றாமல் பச்சை. ஆனால் முதல் பஸ் ஆறு மணிக்கு முன்னரே போய்விடும். எட்டு மணிப் பச்சையால் நோயாளிகளுக்குப் பயனில்லை.

அவர் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். கடவுச்சொல்லை மாற்றினார், கணினி என்னென்ன செய்யவேண்டும் என்று வரிசையாகச் சொல்லும் கட்டளைக் கோப்பைப் புதிதாக எழுதினார், வாசிகசாலைக் கணினியைத் துடைத்துப் புதிதாக எல்லாம் பதிந்தார். அடுத்த விடியலும் சிவப்பு. கடைசியில் என்னைப் பார்த்து, "நாங்கள் சேர்ச்சுக்குப் போற வேதக்காரர், எங்களுக்குச் சனி பிடிக்காது. அப்ப உன்ரை ஏழரைதான் பிள்ளை" என்றார். வாசிகசாலையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் இந்த வேலையை என்னிடமிருந்து எடுத்துவிடுவார் என்று உள்ளுக்குள் பயந்தேன்.

அந்தப் பயத்தில்தான் செய்தேன். கட்டளைக் கோப்பில் திகதிச் சோதனையை ஓட்டச் சொல்லும் வரி ஒன்று இருந்தது. அதன் முன்னால் ஒரு குறியை இட்டால் கணினி அந்த வரியை வாசிக்காமல் தாண்டிவிடும். ஒரு செவ்வாய் விடிய அந்தக் குறியை இட்டேன். அன்றைய வலிப்பு நோய்க் கிளினிக் நடக்காது என்ற அறிவித்தலை ஏற்றினேன். பச்சை எரிந்தது. பக்கத்தைத் திறந்து பார்க்காமலே பாடசாலைக்குப் போய்விட்டேன்.

இணையப் பக்கத்தில் என் அறிவித்தல் இருக்கவில்லை. 'இன்று எல்லாக் கிளினிக்கும் வழமைபோல்' என்று இருந்தது. கொடிகாமத்து மலர் அக்கா அதை நம்பி, பன்னிரண்டு வயது மகனோடு முதல் பஸ்ஸில் ஏறினார். திரும்பும் வழியில், மழையில், பஸ் தரிப்பிடத்தில் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. யாரோ ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

பின்னேரம் அண்ணை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். நான் இட்ட குறியைக் கோப்பில் கண்டுவிட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது. ஏச்சுக்காகக் காத்து நின்றேன். அவர் வாசிகசாலையின் குறிப்புக் கொப்பியைக் கேட்டார். திறந்த நேரம், அறிவித்தல் ஏற்றிய நேரம், விளக்கின் நிறம், வெளிச்சம் வந்து மின்விளக்குகளை அணைத்த நேரம் எல்லாவற்றையும் நான் அதில் எழுதிவைப்பேன். அதற்காக என்னைப் பலர் பகிடி பண்ணியிருக்கிறார்கள்.

அவர் விரலை வைத்து வரிவரியாக இறங்கினார். அன்றைய பச்சையை விட்டால், ஏற்றிய ஒவ்வொரு நாளும் முதலில் சிவப்பு, பிறகு 'விளக்குகள் அணைக்கப்பட்டன'. ஒரே ஒரு நாள் மட்டும் ஒழுங்கு மாறியிருந்தது. எனக்குக் காய்ச்சலாக இருந்த நாள். பிந்தி வந்து, வெளிச்சம் வந்துவிட்டதென்று விளக்குகளை அணைத்தபிறகுதான் ஏற்றியிருந்தேன். அன்று பச்சை.

அண்ணை அந்த நாளில் விரலை நிறுத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீ ஏத்தேக்கை உந்தப் பெட்டிக்கு இன்னும் விடியேல்லை, பிள்ளை. அங்கை நேற்று."

பக்கத்தைக் கட்டும் அந்தத் தூரத்துக் கணினியின் கடிகாரம் எங்களுக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால் ஓடியது. விடிய ஐந்தரைக்கு முன் நான் எதை ஏற்றினாலும் அதற்கு அது நாளைய அறிவித்தல். சோதனை மறுத்தது சரிதான். சோதனையை நான் நிறுத்தியதும் அந்தக் கணினி தன் கணக்கில் 'இன்று' எதுவோ அதை, அதாவது எங்களுடைய நேற்றை, வெளியிட்டுவிட்டது. "அப்பர் கடலுக்குப் போறநேரம் போர்வைக்குள்ளை கிடந்தவன் நான். அஞ்சு மணி எண்டு ஒண்டு இருக்கிறதையே மறந்துபோனன்" என்றார். கோப்பில் எங்கள் நாட்டு நேரத்தைக் குறிக்கும் ஒரு வரியைச் சேர்த்தார். நான் இட்ட குறியை அழிக்கும்போது மட்டும் என்னைப் பார்த்தார்.

"சிவப்பு எண்டால் ஆரோ கத்துறாங்கள். ஏனெண்டு கேள். வாயைப் பொத்தாதை."

அவர் என்னிடம் கடுமையாகச் சொன்னது இது ஒன்றுதான்.

அடுத்த சனிக்கிழமை அப்பாவும் நானும் அவரோடு மலர் அக்கா வீட்டுக்குப் போனோம். பிள்ளை தேறியிருந்தான். அண்ணை வாசலிலேயே நின்று, "பிழை முழுக்க என்ரை, அக்கா. நேரத்தைப் பிழையா வைச்சிட்டன்" என்றார். முழுக்க என்பது பொய். நான் பின்னால் நின்று வாய் திறக்கவில்லை.

முந்தநாள் செத்தவீட்டுக்கு மலர் அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பந்தலுக்கு வெளியே அவரைக் கூப்பிட்டு, சோதனையை நிறுத்தியது நான்தான் என்று சொன்னேன். அவர் வியக்கவில்லை.

"அண்டைக்கே தெரியும். அந்தத் தம்பி கதைக்கேக்கை நீ உன்ரை செருப்பையே பாத்துக்கொண்டு நிண்டனி" என்றார். பிறகு, "நாளையிண்டைக்கு இவனுக்குக் கிளினிக். பேஜைப் பாத்துத்தான் பஸ் ஏறுவன்" என்றார்.

அந்த நாள் இன்று. அண்ணை இல்லாமல் நான் ஏற்றும் முதல் அறிவித்தலும் இதுதான். வேறொன்று முறிந்தால் இனிக் கேட்க ஆளில்லை. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது கோப்பில் அவர் சேர்த்த அந்த ஒரு வரியும், சிவப்பின் வாயைப் பொத்தாதே என்ற சொல்லும், என் கொப்பியில் அவருடைய விரல் பட்ட பக்கமும். ஏற்றிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு விளக்கைப் பார்த்திருந்தேன். பச்சை. அது போதாதென்று கைபேசியில் பக்கத்தைத் திறந்து திகதியை இரண்டு தரம் வாசித்தேன். இன்றைய திகதிதான். பல் கிளினிக் மட்டும் நடக்காது, வலிப்பு நோய்க் கிளினிக் நடைபெறும் என்று இருந்தது. கொப்பியில் எழுதினேன்:

ஐந்து பத்து, ஏற்றப்பட்டது. பச்சை. பக்கம் வாசிக்கப்பட்டது. ஐந்து ஐம்பத்தைந்து, விளக்குகள் அணைக்கப்பட்டன.