மைதானத்தைச் சுற்றி ஒரு பாதை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பந்து உருண்டோடாமல் நிற்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். எந்தக் காலத்திலோ தோட்டத்தை நிர்வகித்த ஒரு தொரைக்குப் பந்தாட ஆசை வந்து மலையின் ஒரு பக்கத்தை வெட்டிச் சமப்படுத்தியிருக்கிறார். அதைத்தான் நாங்கள் மைதானம் என்கிறோம். கல்யாணப் பந்தல் அங்கேதான். தேர் சுற்றுவதும், தேர்தல் கூட்டம் நடப்பதும், அம்புலன்ஸ் திரும்புவதும், பிரேதத்தை இறக்கி வைத்து அழுவதும் அங்கேதான். ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்தில், லயங்கள் என்கிற வரிசை வீடுகளில் இருக்கிற நாங்கள் ராகலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்றாலும் மைதானத்தைக் குறுக்கே கடந்துதான் ரோட்டுக்கு வர வேண்டும். இதெல்லாம் எங்கள் வழக்கை விசாரித்த நீதவானுக்குத் தெரியாது. பாவம், மைதானம் என்றால் விளையாடுகிற இடம் என்று நினைத்துவிட்டார்.

என் தம்பியின் இடது கண்ணைப் போக்கியவன் எங்கள் தோட்டத்து அணியின் வேகப்பந்து வீச்சாளன். தம்பியும் அதே அணிதான். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒரே பெஞ்சில் இருந்து என்னிடம் அடி வாங்கியவர்கள். நான் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பக்கத்துத் தோட்டத்தோடு நடந்த இறுதிப் போட்டியில், கடைசி ஓவரில், அவன் போட்ட பந்துக்கு உயரக் கிளம்பிய கேட்சைத் தம்பி விட்டுவிட்டான். கோப்பை பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டது. அன்று பொழுது சாயும் நேரம் ரோட்டோரக் கடை வாசலில் தம்பி பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட சத்தம் கேட்டுத் திரும்பியிருக்கிறான். கூப்பிட்டவன் கையில் விக்கெட் கம்பு இருந்தது.

இதை நீட்டிச் சொல்ல என்னால் ஆகாது. அதனால் சுருக்கிச் சொல்கிறேன். நுவரெலியா ஆஸ்பத்திரியிலிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். கண்டியில் முடிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, கண்ணை எடுத்துவிட்டார்கள்.

தம்பியை வீட்டுக்குக் கூட்டி வந்ததும் சனம் பார்க்க வந்தது. பிஸ்கட்டும் ஆரஞ்சுப் பழமும் கொண்டுவந்து, கட்டிலைச் சுற்றி நின்று, கட்டுப் போட்ட முகத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். வெளியே போகும்போது ஆளுக்கொரு தடவை கேட்டார்கள்.

"ஆனா தம்பி, அது லேசான கேட்சுதானே?"

பிறகு வழக்கு வந்தது. அடித்தவன் கொஞ்ச நாள் உள்ளே இருந்தான். நீதவான் பிணை கொடுத்தபோது சில நிபந்தனைகள் போட்டார். வழக்கு முடியும்வரை எந்தப் போட்டியிலும் ஆடக் கூடாது. தோட்டத்து மைதானத்தில் கால் வைக்கக் கூடாது. என் தம்பியின் பக்கத்தில் போகக் கூடாது. சிங்களத்தில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் நிறுத்தி நிதானமாகத் தமிழில் சொன்னார். எங்கள் ஆட்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

அவனை அப்போதுதான் மாவட்ட அணிக்குத் தெரிவு செய்திருந்தார்கள். சலூனில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவன் படம். அப்படிப்பட்டவனுக்குத் தடை என்ற செய்தி தோட்டத்துக்கு வந்த அன்று சில வீடுகளில் அடுப்பே எரியவில்லையாம். தம்பிக்குக் கண் போன அன்று எல்லா வீட்டிலும் ரொட்டி சுட்டார்கள். வாசனை எங்கள் லயத்துக் காம்பரா வரைக்கும் வந்தது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர், புத்தகம் படிக்கிறவர். இடைவேளையில் என்னிடம் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ரீச்சர், நான் சொல்லுறதைக் குறையா நினைக்காதேங்கோ. குற்றத்துக்குத் தண்டனை குடுக்கட்டும், அது வேற. விளையாட்டை ஏன் பறிக்க வேணும்? விளையாட்டுத்தான் இந்தப் பெடியளை நல்வழிப்படுத்துறது. ஒரு பிள்ளையின்ர எதிர்காலம் அல்லோ?"

"எந்தப் பிள்ளையுடைய எதிர்காலம் சேர்?" என்று கேட்டேன்.

அவர் தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, மணி அடிக்காத வகுப்புக்குப் போய்விட்டார்.

நியாயமாகப் பார்த்தால் அவர் கேட்டது கேட்க வேண்டிய கேள்விதான். அதை நானும் விட்டுவிடவில்லை. வகுப்பில் தாள் திருத்தும்போதும், அம்மாவுக்குத் தண்ணீர் சுட வைக்கும்போதும் அதுதான் மனதில் ஓடும். அவன் ஆடாமல் இருந்தால் தம்பிக்குக் கண் வந்துவிடுமா? வராது. வேலை வெட்டி இல்லாமல் கடை வாசலிலேயே கிடந்தால் அவன் திருந்திவிடுவானா? அதுவும் சந்தேகம். விளையாட்டு மனிதனை நல்வழிப்படுத்தும் என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அன்று காலையிலிருந்து அவன் விளையாடிக்கொண்டுதானே இருந்தான்? ஆனால் ஒன்று. அவன் கைதட்டல் வாங்குகிற இடம் அந்த மைதானம். ஒருவன் முகத்தை உடைத்துவிட்டு அடுத்த ஞாயிறே கைதட்டல் வாங்கக் கூடாது என்று இந்த நாட்டில் ஒரு மனிதருக்குத் தோன்றியதே, அதற்காக அந்த நீதவானை மனதுக்குள் கும்பிட்டேன்.

நான் கும்பிட்டது போதாது. தடையை எப்படி மதிப்பது என்று தோட்டம் காட்டியது.

அவனுடைய லயமும் எங்கள் பக்கம்தான். ரோட்டுக்கு வர மைதானத்தைக் கடக்க வேண்டும். கடந்தால் பிணை போய்விடும். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டில் தலைவர் எழுந்து பேசினார். தலைவர் என்றால் தொழிற்சங்கத்துக்கு எங்கள் தோட்டத்தில் இருக்கிற ஆள், தொரைக்கும் எங்களுக்கும் நடுவில் நிற்பவர். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பேசினாராம்.

"நம்ம புள்ள பாம்பும் அட்டையும் கெடக்குற காட்டுக்குள்ள சுத்திப் போறான். பாத்துக்கிட்டு இருக்கோமே, நாமெல்லாம் மனுசங்களா?"

அந்த ஞாயிறே சிரமதானம். மம்பட்டி, கத்தி, கடப்பாரையோடு தோட்டமே இறங்கியது. மைதானத்தின் விளிம்புக்குக் கீழே, ஓடைக்கு மேலே, அவன் லயத்திலிருந்து ரோடு வரைக்கும் புதிதாய் ஒரு பாதை வெட்டினார்கள். தேயிலைச் செடியில் ஒரு கிளையை ஒடித்தாலே சத்தம் போடுகிற தொரை, ஒரு நிரைச் செடியையே பிடுங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். தோட்டங்களுக்கு இடையிலான கோப்பை அவருக்கும் வேண்டுமே. சரிவான இடங்களில் சீமெந்துப் படி கட்டினார்கள். படியோரம் மூங்கிலில் கைப்பிடியும் வைத்தார்கள்.

"பந்து போடுற காலு. வழுக்கி விழுந்துட்டா என்னா பண்றது?" என்றார் தலைவர்.

எங்கள் லயத்திலிருந்து மைதானத்துக்கு இறங்குகிற வழி மண் சரிவு. மழை பெய்தால் சேறு. அதற்கு நாலு படி கட்டித் தாருங்கள் என்று அம்மா வருசக்கணக்காய்க் கேட்டு வந்தாள். "மேல கேக்கணும் தங்கச்சி" என்பதுதான் எப்போதும் தலைவரின் பதில். தம்பிக்கு ஒரு கண் போன பிறகு மேடு எது பள்ளம் எது என்று காலுக்குப் பிடிபடவில்லை. எட்டி வைத்த கால் எங்கேயோ விழும். அந்தச் சரிவில் விழுந்து எழுந்து சேற்றோடு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறான். அம்மா மறுபடி போய்க் கேட்டாள். சீமெந்து தீர்ந்துவிட்டது என்றார்கள்.

தேர்த் திருவிழா வந்தது. தேர் மைதானத்தைச் சுற்றும், அவனோ உள்ளே வரக் கூடாது. தோட்டம் யோசித்தது. தேரை மைதானத்தின் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போய் நிறுத்தி, விளிம்புக்குக் கீழே பாதையில் நின்றவனுக்குப் பூசாரி எட்டி விபூதி கொடுத்தார். சாமியே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த தட்டில் தேங்காய் மூடி மட்டும் இருந்தது.

போட்டிதானே ஆடக் கூடாது, பழகக் கூடாது என்று சொல்லவில்லையே என்று கண்டுபிடித்தவரும் தலைவர்தான். கொழுந்து நிறுக்கிற மடுவத்தின் சீமெந்துத் தரையை அந்தி நேரத்தில் அவனுக்கு விட்டார்கள். அவன் ஓவரை முடிக்கும்வரை கொழுந்துச் சாக்கோடு பெண்கள் மழையில் காத்து நின்றார்கள். அந்த வரிசையில் என் அம்மாவும் நின்றாள். வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே, "நல்லாதான் போடுறான்" என்றாள்.

இப்படியிருக்கையில் தலைவர் எங்கள் காம்பராவுக்கு வந்தார். தடையை நீக்கச் சொல்லி வக்கீல் கேட்கப்போகிறார், எங்கள் பக்கம் ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டால் காரியம் லேசாகிவிடும் என்றார். கோயிலில் கற்பூரம் ஏற்றி இரண்டு குடும்பமும் சத்தியம் பண்ணிக்கொள்ளலாமாம்.

"ஒரு தோட்டத்துப் புள்ளைங்க. பய நாளைக்கு நாட்டுக்கே ஆடப்போறவன். ஒங்களால அவன் வாழ்க்கை கெட்டுப் போச்சுன்னு நாளைக்கு யாரும் பேசிடக் கூடாது பாருங்க."

"எங்களாலயா?" என்றேன்.

"நான் அப்புடிச் சொல்லல டீச்சர். சனம் சொல்லும்."

அவரை நான் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். மரியாதைக்காக அல்ல, போய்விட்டாரா என்று பார்ப்பதற்காக. திரும்பி வந்தால் தம்பி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

வழக்குத் தவணைக்கு நானும் அம்மாவும் தம்பியோடு போனோம். போகும்போதே சொல்லியிருந்தேன், கேட்டால் ஆட்சேபணை இருக்கிறது என்று சொல், ஒரு வார்த்தை போதும் என்று. தலையாட்டினான். நீதவான் அவனைக் கூப்பிட்டுக் கேட்டார். தம்பி எழுந்து நின்று, அவன் விளையாடலாம், எனக்கு ஒன்றுமில்லை என்றான்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நான் அவனோடு பேசவில்லை. இறங்கியதும் வெடித்துவிட்டேன். உனக்கு ரோசம் இல்லையா, யாருக்குப் பயந்து சொன்னாய், அந்தத் தலைவர் வந்து ஏதாவது சொன்னாரா என்று கத்தினேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். தம்பி கத்தவில்லை.

"அக்கா, அவன் வெளையாடாம இருந்தா எல்லாரும் என்னையத்தான் பாக்குறாங்க. கடைக்குப் போனா, பைப்புக்குப் போனா, கோயிலுக்குப் போனா, என்னாலதான் அவன் ஒக்காந்திருக்கான்னு பாக்குறாங்க. அவன் வெளையாடுனா அவனப் பாப்பாங்க. என்னைய விட்டுருவாங்க."

நான் மனதுக்குள் கும்பிட்ட அந்தத் தடையை இத்தனை மாதமாய் அனுபவித்தவன் இவன். கண்ணை இழந்தவனும் இவன்தான், தண்டனையும் இவனுக்குத்தான். நீதவான் எழுதியது ஒருவன் பெயருக்கு, தோட்டம் அதைக் கொண்டுவந்து கொடுத்தது எங்கள் வீட்டில். ரோட்டோரம் நின்று அழுதேன்.

தடை நீங்கி அவன் ஆடிய முதல் போட்டிக்கு லவுட்ஸ்பீக்கர், மாலை, வெடி எல்லாம் இருந்தன. வழக்கு இன்னும் நடக்கிறதே என்று யாரும் ஞாபகப்படுத்தி அந்த மங்களத்தைக் கெடுக்கவில்லை. அன்று தம்பியைக் கண்டியில் கிளினிக்குக்குக் கூட்டிப் போக வேண்டும். சரிவில் என் தோளைப் பிடித்து இறங்கியவன் மைதானத்துப் பக்கம் திரும்பவில்லை. புதுப் பாதையில் இறங்கினான்.

"மைதானத்து ஓரமா நேரே போயிடலாமே. இப்போ யாருக்கும் தடை இல்லையே" என்றேன்.

"இதுல கைப்பிடி இருக்கு அக்கா" என்றான்.

பாதிவழி போயிருப்போம். தலைக்கு மேலே ஆரவாரம் கேட்டது. பந்து விளிம்பைத் தாண்டி வந்து எங்களுக்கு முன்னால் ஒரு படியில் விழுந்து நின்றது. மேலே ஓடி வந்து எட்டிப் பார்த்தவன் அவன்தான். எங்களைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான். அவனுக்குப் பின்னால் மைதானமே "பந்து, பந்து!" என்று கத்தியது. தம்பி குனிந்தான். கை பந்துக்குப் பக்கத்தில் வெறும் சீமெந்தைத் தொட்டது. இன்னொரு தடவை தடவி எடுத்தான். ஒரு காலத்தில் எல்லைக்கோட்டிலிருந்து விக்கெட்டுக்கு நேராக எறிகிறவன். பந்தை உள்ளங்கையில் வைத்து ஒரு நிமிசம் பார்த்தான். பிறகு அதை என் கையில் வைத்தான்.

"நீ எறி அக்கா."

எறிந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பலமாய் எதையும் எறிந்ததில்லை. மேலே இல்லை, கீழே ஓடையைப் பார்த்து எறிந்தேன். மழைத் தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போவதை இரண்டு பேரும் நின்று பார்த்தோம். மேலே இருந்த மைதானம் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தது. எந்தப் பிரேதத்துக்கும் அங்கே அப்படியொரு அமைதியை நான் கண்டதில்லை.

மறுநாள் பெரட்டில் அதுதான் பேச்சாம். ஆட்டத்தைக் கெடுத்துவிட்டேனாம், படித்தவள் செய்கிற வேலையா இதுவாம், போட்டி நடக்கிற நாளில் இனி டீச்சரை மைதானத்துப் பக்கம் விடக் கூடாதாம். எல்லாரும் ஒரே குரலில் ஒத்துக்கொண்டார்களாம். என் தடையை நீக்கச் சொல்லி யாரும் வக்கீல் பிடிக்கவில்லை, தேரும் என்னைத் தேடி ஓரத்துக்கு வரவில்லை. அதனால் ஒரு கஷ்டமும் இல்லை, பாதைதான் இருக்கிறதே. தம்பி கைப்பிடிப் பக்கம் நடக்கிறான், நான் ஓடைப் பக்கம் நடக்கிறேன், இரண்டு பேருமாய்ச் சுற்றிப் போகிறோம்.