புளி போட்டு விளக்கிய லேத்து

எங்கள் அரூருக்குப் பாலிடெக்னிக் வந்தபோது அதற்குச் சொந்தமாக ஒரு சுவர்கூடக் கிடையாது. கட்டிடம் எழும்பும்வரை அத்தாவின் புளிக் குடோனில் நடத்துவதாக ஏற்பாடு. எண்பதுகளின் தொடக்கம், எனக்கு எட்டு வயதிருக்கும். பத்தாவது பாஸ் செய்துவிட்டு அக்கா வீட்டில் இருந்தாள். மேலே படிக்க வைக்கச் சொல்லி அம்மா நச்சரித்ததில் அத்தா பாதி இறங்கி வந்திருந்தார்.

"நம்ம குடோன்ல நடந்தா சேத்துவுடறேன். தர்மபுரிக்கு பஸ் ஏறிப் போறதெல்லாம் ஆகாது."

இரும்பைக் கடைந்து பழகுவதற்கான முதல் லேத்து இயந்திரம் பொம்மிடி வரை ரயிலிலும், அங்கிருந்து லாரியிலும் வந்து இறங்கியது. மறுநாள் மெட்ராஸிலிருந்து அதிகாரி வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தியில்லை என்றால் காலேஜ் தர்மபுரிக்குப் போய்விடும். லேத்து வந்த அன்று மதியம் எட்டிப்பார்த்த அம்மாவுக்கு, கறுப்பாக எண்ணெய் அப்பிக் கிடந்த லேத்தைக் கண்டதும் பொறுக்கவில்லை.

"இப்பிடி அழுக்கா நின்னா யாரு அண்ணி காலேஜ் குடுப்பாங்க?" என்று மாமியையும் இழுத்துக்கொண்டார். குடோனில் இல்லாத புளியா? சாம்பலும் சேர்த்து, கல்யாண அண்டாவை விளக்குவதுபோல் விளக்கித் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். லேத்து பளபளத்தது. எங்களுக்கெல்லாம் பெருமை தாங்கவில்லை.

காலையில் பார்த்தால் செக்கச்செவேல் என்று துரு. ஒர்க்‌ஷாப் வாத்தியார் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"துருப் புடிக்கக் கூடாதுன்னுதானுங்க அந்த எண்ணெயப் பூசி அனுப்புனாங்க!"

அம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். அக்கா வாத்தியாரிடம் உப்புத்தாளும் மண்ணெண்ணெயும் வாங்கித் தேய்க்க ஆரம்பித்தாள். அவரும் கூட உட்கார்ந்தார். அதிகாரியின் ஜீப் வந்து நின்றபோது லேத்து ஒருவழியாகத் தேறியிருந்தது. அக்காவுக்குத்தான் முழங்கைவரை கறுப்பு.

"இந்தப் பொண்ணு எந்த வருசம்?" என்றார் அதிகாரி.

வாத்தியார் வாயைத் திறப்பதற்குள், வாசலில் நின்ற அத்தா முந்திக்கொண்டார்.

"இனிமேத்தாங்க சேரப்போவுது. எம் பொண்ணுதானுங்க."

அதிகாரி சிரித்துவிட்டார். "அப்ப இங்கயே நடத்திற வேண்டியதுதான்."

செய்தி சொல்ல நான் ஓடினேன். அடுப்படியில் அம்மா, புளி அரித்த கைகளில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். "அக்கா சேரப்போவுதும்மா, அத்தாவே சொல்லிட்டாரு" என்றதும் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவரை ஐந்தாவதோடு பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்பது எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் கை எரிச்சலில்தான் அழுகிறார் என்று நினைத்து, பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கைகளை வெகுநேரம் ஊதிக்கொண்டிருந்தேன்.