டிரம் வாரில் கட்டிய வெள்ளைத் துணி

எங்கள் பேண்டு ஒரு முழத் துணியால் கலைந்தது. அந்தத் துணியைக் கட்டியவன் நான்.

அப்போது ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தேன். ஜெர்மன் சண்டை முடிந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். ஆலை வேலை இல்லாத நாளில் பேண்டில் கார்னெட் என்கிற பித்தளைக் குழல் ஊதுவேன். மொத்தம் எட்டுப் பேர். தாமுவேயில் ஒரு தகரக் கொட்டகையில் பழகுவோம். மாஸ்டர் பட்டாளத்து பேண்டில் இருந்தவர். வாத்தியம் எல்லாம் அவருடையது. மவுத்பீசு மட்டும் அவனவனுடையது. குழலின் முனையில் செருகி உதட்டை வைத்து ஊதுகிற சின்னப் பித்தளைக் கிண்ணி அது. ஒருத்தன் எச்சில் இன்னொருத்தன் வாய்க்குப் போகக் கூடாது என்று அப்படி ஏற்பாடு. குழலுக்குள்ளே எல்லார் எச்சிலும்தான் ஓடிற்று. அதை யாரும் பேசவில்லை.

கார்னெட் பழக எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று. முதல் வருஷம் உதடு வெடித்து ரத்தம் வரும். அதோடு மூட்டை தைக்கப் போவேன். பிறகு வந்துவிட்டது. சூலே பகோடா பக்கம் ஊர்வலம் போகும்போது மேல் சுரத்தைப் பிடித்தால் டிராமில் போகிறவன் தலையை வெளியே நீட்டிப் பார்ப்பான். என் வாழ்வில் என்னை யாரும் திரும்பிப் பார்த்தது அப்போதுதான். ஆனால் ஒரு மாதம் ஊதாமல் இருந்தால் உதடு தளர்ந்துவிடும். மூன்று மாதம் போனால் செத்த மாதிரி. சொந்தமாகக் குழல் வாங்க எனக்கு வக்கில்லை.

பெரிய டிரம் அடிக்கிறவன் முனிசிபாலிட்டியில் மல வாளி தூக்குகிறவன். என்னைவிட நாலு வயது மூத்தவன். ஆனாலும் அவன் என்னை அண்ணே என்பான். நான் அவனை வாடா போடா என்பேன். அப்போது அது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. மாஸ்டர் அவனைச் சேர்த்ததற்குக் காரணம், அந்த டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆறு மைல் நடக்க வேறு எவனாலும் முடியவில்லை.

நாங்கள் சீனர் சாவுக்கும் போவோம், தமிழர் கல்யாணத்துக்கும் போவோம். ஊரில் எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்க மாட்டார்கள். சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஒரே சிவப்புக் கோட்டுதான். தொப்பியை மட்டும் மாற்றுவோம்.

அன்று காலையில் லத்தாவில் ஒரு சீனர் சாவு. கிழவர் பெரிய கடைக்காரர். சாவு வீட்டில் எங்களுக்கு ஆளுக்கு ஒரு முழம் வெள்ளைத் துணி கொடுத்தார்கள். அதைக் கையில் கட்டிக்கொண்டு ஊத வேண்டும். புதைத்து முடித்ததும் இடுகாட்டு வாசலிலேயே அவிழ்த்துப் போட்டுவிட வேண்டும். வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. அது அவர்கள் வழக்கம். எங்களுக்கும் அது தெரியும்.

பாதி வழியில் டிரம் வாரின் கொக்கி முறிந்தது. மழை வேறு. ஊர்வலம் நிற்காது. நான் என் கையிலிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்து வாரையும் வளையத்தையும் சேர்த்துக் கட்டினேன். ஆலையில் மூட்டை வாய்க்குப் போடுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். இடுகாட்டு வாசலில் மற்ற ஏழு பேரும் கைத்துணியை அவிழ்த்துப் போட்டார்கள். என் கையில் துணி இல்லை, அதனால் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. டிரம் அந்தத் துணியோடேயே உறைக்குள் போய்விட்டது.

சாயங்காலம் கல்யாணம். பெண்ணின் அப்பா எங்கள் ஆலைக்குப் பக்கத்து ஆலையில் மேஸ்திரி. ஆள் பிடித்துக் கொடுக்கிறவர், பெரிய கை. மாப்பிள்ளை ஊர்வலம் பந்தல் வாசலுக்கு வந்தது. டிரம்காரன் கோலை ஓங்கினான். அவன் முழங்கைக்குக் கீழே அந்தத் துணி, ஈரம் காய்ந்து தொங்கிற்று.

முதலில் கத்தியவன் எங்கள் கிளாரினெட்காரன்தான்.

"ஐயையோ, சாவுத் துணி! பொண்ணு வீட்டு வாசல்ல சாவுத் துணி!"

வாத்தியம் நின்றது. பெண்கள் ஆரத்தித் தட்டோடு உள்ளே ஓடினார்கள். மேஸ்திரி இறங்கி வந்தார். துணியைக் கையில் பிடித்துப் பார்த்தார். முடிச்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு டிரம்காரனின் கன்னத்தில் அறைந்தார். டிரம் கழுத்தில் இருந்ததால் அவனால் முகத்தைத் திருப்பக்கூட முடியவில்லை. இரண்டாவது அறையையும் அப்படியே வாங்கினான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அந்தப் பய செஞ்ச வேலை" என்றார் மாஸ்டர்.

நான் கார்னெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை. டிரம்காரனும் என் பக்கம் பார்க்கவில்லை.

அதோடு பேண்டு முடிந்தது. தமிழர் வீடுகளில் எங்களைக் கூப்பிடுவது நின்றுபோயிற்று. மாஸ்டர் வாத்தியம் அத்தனையையும் விற்றார். யாருக்கு என்றால், அந்தக் கிளாரினெட்காரனுக்கே. விற்கிற அன்று இரண்டு பேரும் ஒரே வெற்றிலைப் பெட்டியில் வெற்றிலை போட்டுக்கொண்டார்கள். நான் பார்த்தேன்.

ஒரு மாதம் கழித்து கிளாரினெட்காரன் என் அறைக்கு வந்தான். நீலக் கோட்டு, புதுசு.

"என்ன மாப்ளே, மூட்டை தைக்கிறதோட சரியா? உதடு எப்படி இருக்கு?"

"இருக்கு."

"கார்னெட்டு சும்மா கிடக்குதுடா. ஒனக்குன்னு வச்சிருக்கேன். வேற எவன் ஊதினாலும் பன்னி கத்துற மாதிரி இருக்கு."

"ஏன் என்கிட்ட வர்றே?"

"அந்த மேஸ்திரி நம்மளை மறுபடி கூப்பிடச் சம்மதிச்சிட்டாரு. அவரு கூப்பிட்டா ஊரே கூப்பிடும். ஞாயித்துக்கிழமை கோயில் வாசல்ல நாலு பேரு முன்னாடி நீ வந்து ஒரு வார்த்தை சொல்லணும். 'டிரம்காரன்தான் அந்தத் துணியைக் கட்டினான், எங்களுக்குத் தெரியாது'ன்னு. மத்த அஞ்சு பேரும் சொல்லியாச்சு. மாஸ்டரும் சொல்லியாச்சு. நீ ஒருத்தன்தான் பாக்கி."

"கட்டினது நான்."

அவன் சிரித்தான். "அது எனக்குத் தெரியாதா? பக்கத்துலதானே நின்னேன். அதை எதுக்கு இப்ப இழுக்கிறே?"

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். வெட்கக்கேடு, உண்மையிலேயே யோசித்தேன். ஐந்து நாள் யோசித்தேன். அறையில் மவுத்பீசை மட்டும் வாயில் வைத்து ஊதிப் பார்ப்பேன். வாத்துக் குரல் வரும். பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டி, "முட்டை போட்டாச்சா?" என்பான். உதடு தளர ஆரம்பித்திருந்தது. எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை டிரம்காரனைப் பார்க்கப் போனேன். முனிசிபாலிட்டி லைன் வீடு. அவன் மனைவி பர்மாக்காரி. எனக்கு ஒரு பீங்கான் கோப்பையில் டீ வைத்தாள். அவன் காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"கூப்பிட்டுட்டானுங்களா அண்ணே?"

"கூப்பிட்டாங்க."

"போக வேண்டியதுதானே."

"உன் பேரைச் சொல்லச் சொல்றாங்க."

"சொல்லு. ஆறு பேரு சொல்லியாச்சு, ஏழாவதா நீ சொன்னா எனக்கு என்ன கூடப்போவுது? பொழுதுக்கும் பீ வாளி தூக்குறேன். இது ஒரு வாளி."

"அன்னிக்கு நீ ஏன் சொல்லலே, கட்டினது இவன்தான்னு?"

அவன் எண்ணெய்க் கையோடு என்னை நிமிர்ந்து பார்த்தான். "நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

எழுந்துவிட்டேன். டீயை நான் குடிக்கவில்லை. அவன் வீட்டுக் கோப்பை என்று கை போகவில்லை. அதையும் எழுதிவிட வேண்டும். அவள் கோப்பையை எடுத்து, வாசல் சாக்கடையில் ஊற்றினாள். எனக்குக் கேட்கும்படி ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலுக்குப் போனேன். பாய் விரித்து மேஸ்திரியும் இன்னும் மூன்று பெரிய மனிதர்களும் உட்கார்ந்திருந்தார்கள். பழைய ஆட்கள் நீலக் கோட்டில் வரிசையாக நின்றார்கள். மாஸ்டரும் ஒரு ஓரத்தில் இருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்து மூக்குப்பொடி போட்டுக்கொண்டார்.

கிளாரினெட்காரன் கார்னெட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். அதே கார்னெட். வாயோரத்தில் நான் கீழே போட்டதில் விழுந்த நசுங்கல் அப்படியே இருந்தது. என் கை தானாகப் பையிலிருந்து மவுத்பீசை எடுத்துச் செருகிவிட்டது.

"ஊதுடா, பெரியவங்க கேக்கட்டும்."

ஊதினேன். மேல் சுரம் வந்தது. கொஞ்சம் நடுங்கிற்று, ஆனால் வந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. மூச்சு இழுக்கும்போது குழலுக்குள்ளிருந்து ஏதோ திரும்பி வாய்க்குள் வந்தது. உப்பு. கசப்பு. பழைய மாட்டுக் கொட்டில் நாற்றம். துப்பினேன்.

"ஒண்ணும் இல்லடா, கோமியம். எல்லாக் குழலுக்குள்ளேயும் விட்டுச் சுத்தம் பண்ணியாச்சு. அந்தப் பய தொட்ட தோஷம் போகணுமில்ல?"

டிரம்காரன் கார்னெட்டைத் தொட்டதே கிடையாது. ஒரு நாளும் தொட்டதில்லை. நாங்கள்தான் விட்டதில்லை.

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "சரி தம்பி, சொல்லு. துணியைக் கட்டினது யாரு?"

"நான்."

வரிசையில் யாரோ இருமினார்கள். கிளாரினெட்காரன் என் சட்டை முனையைப் பிடித்து இழுத்தான். நான் திரும்பச் சொன்னேன்.

"நான்தான் கட்டினேன். வார் முறிஞ்சது. என் கைத்துணியை எடுத்துக் கட்டினேன். அவிழ்க்க மறந்துட்டேன். அவனுக்கு இதுல ஒண்ணும் இல்லே."

கத்துவார்கள், அடிப்பார்கள் என்று நினைத்தேன். காலை அகட்டி நின்றுகொண்டேன். மேஸ்திரி சிரித்தார்.

"இதைச் சொல்லத்தான் இத்தனை நேரமா? அன்னிக்கே எனக்குத் தெரியும்டா. முப்பது வருஷமா மூட்டை பாக்கிறவன் நான். அந்த முடிச்சு எவன் போடுவான்னு எனக்குத் தெரியாதா? வாளி தூக்குறவனுக்கு அது வருமா?"

"தெரிஞ்சுமா அவனை அடிச்சீங்க?"

"பந்தல் வாசல்ல அத்தனை பேரு நிக்கிறாங்க. யாரையாவது அடிச்சாத்தானே பொண்ணுக்குக் கல்யாணம் நடக்கும்? உன்னை அடிக்க முடியுமா? நீ நம்ம பய."

பக்கத்தில் இருந்தவர் தலையாட்டினார். "தெரியாம நடந்தது. மனுஷன்னா மறக்கத்தான் செய்வான். ஒரு தேங்காயை உடைச்சுட்டுப் போ."

"பாத்தியா, பயந்துட்டே. நாளைக்கே ஒரு சீமந்தம் இருக்கு, கோட்டுக்கு அளவு கொடுத்துட்டுப் போ" என்றான் கிளாரினெட்காரன்.

அவ்வளவுதான். பொய் சொல்ல வேண்டாம். உண்மை சொன்னதற்கும் தண்டனை இல்லை. கார்னெட் என் கையில். அவன் கட்டினான் என்றால் தோஷம், குழலுக்குள் மாட்டு மூத்திரம். நான் கட்டினேன் என்றால் மறதி, ஒரு தேங்காய். நம்ம பய. கோமியத்தைவிட அந்த வார்த்தை நாறிற்று. அதைவிட, முந்தின நாள் நான் தொடாமல் வைத்துவிட்டு வந்த கோப்பை ஞாபகம் வந்தது. அவர் சொன்னது சரிதான். நான் அவர்கள் பையன்தான்.

"டிரம் யாரு அடிப்பா?" என்று கேட்டேன்.

"அதுக்கு ஆள் பாத்தாச்சு. அவன் வேண்டாம்."

"நான்தான் கட்டினேன்னு ஆயிருச்சே. அவன் ஏன் வேண்டாம்?"

மேஸ்திரி கிளாரினெட்காரனைப் பார்த்தார், அவன் மேஸ்திரியைப் பார்த்தான். கேட்டது அவர்களுக்குப் புரியவில்லை என்றே நினைக்கிறேன்.

மவுத்பீசைக் கழற்றினேன். வேட்டியில் துடைத்தேன். பையில் போட்டேன். கார்னெட்டைப் பாயில் மேஸ்திரி கால்மாட்டில் வைத்தேன். வைக்கும்போது கை விட மாட்டேன் என்றது. விடுவித்துக்கொண்டு வந்தேன்.

"திமிர் பிடிச்சவன். மூட்டை தச்சே சாவான்" என்று பின்னால் மாஸ்டர் குரல் கேட்டது.

வழியெல்லாம் துப்பிக்கொண்டே நடந்தேன். அந்தச் சுவை இரண்டு நாள் போகவில்லை.

பிறகு தெரிந்தது, டிரம்காரனை லத்தாவில் ஒரு சவப்பெட்டிக் கடைக்காரர் தன் சாவு பேண்டில் சேர்த்திருந்தார். சீனர், கோவாக்காரர், பர்மாக்காரர், எல்லாம் கலந்த கூட்டம். நானும் போய் நின்றேன். கார்னெட்டுக்கு ஆள் இருந்தான், ஒரு கோவாக் கிழவன். எனக்குத் தாளத் தட்டு கொடுத்தார்கள். இரண்டு பித்தளைத் தட்டு. மூன்று வருஷம் உதடு வெடித்துப் பழகியவன் தட்டு தட்டினேன். கிழவன் இருமும்போதெல்லாம் அவன் முதுகைப் பார்ப்பேன், எப்போது விழுவான் என்று. அப்படிப் பார்த்ததும் அருவருப்பான காரியம்தான். கிழவன் விழவில்லை. என் உதடுதான் போயிற்று.

டிரம்காரன் முதல் வாரம் என்னோடு பேசவில்லை. முன்னே அவன், பின்னே நான். அவ்வளவுதான்.

இரண்டாவது வாரம் கியாக்டடாவில் ஒரு பெரிய சாவு. தெரு முனையில் திரும்பும்போது இந்த டிரம் வாரின் கொக்கியும் கழன்றது. நான் தட்டுகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கையில் கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவிழ்க்கப் போனேன்.

அவன் டிரம்மை முழங்காலில் முட்டுக் கொடுத்துத் திரும்பினான்.

"ஏய். நீ கை வைக்காதே. நானே கட்டிக்கிறேன்."

அண்ணே என்று சொல்லவில்லை. நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் கட்டி முடித்ததும் நடந்தோம்.