அத்தான் எடைபோட்ட ஐந்து பாட்டுகள்

என் அக்காவின் புருஷன் தராசுகளைச் சோதிக்கும் அதிகாரி. அவர் கடைக்குள் காலை வைத்தாலே கடைக்காரருக்கு வியர்த்துவிடும். பெட்டியைத் திறந்து, எடைக்கற்களை வெறும் கையால் தொடாமல் துணியால் எடுத்து வைப்பார். முள் ஆடி நிற்கும்வரை மூச்சே விடமாட்டார். சரியாக இருந்தால் முத்திரை, குறைந்தால் அபராதம். கூடினாலும் விடமாட்டார். கூட நிறுக்கிற தராசும் தப்புத் தராசுதான் என்பது அவர் கட்சி.

வீட்டிலும் அதே கூத்துதான். காலையில் டீ போடுவது அவர் வேலை. சர்க்கரையில் கரண்டியை விட்டு எடுத்து, கத்தியின் முதுகால் தலையைச் சீவி, கோப்பைக்குத் தட்டையாக ஒரு கரண்டி போடுவார். இருபத்திரண்டு வருடமாக அக்கா, “இன்னும் கொஞ்சம் போடுங்களேன்” என்கிறாள். இருபத்திரண்டு வருடமாக அவரும், “ஒரு கரண்டின்னா ஒரு கரண்டிதாம்மா” என்கிறார். மாடி அறையில் குடியிருக்கும் நான் இந்த வழக்கைத் தினமும் ஓசியில் கேட்கிறேன்.

இப்படிப்பட்ட மனிதரிடம் போய் எங்கள் ராக் பாட்டுகளைச் சோதிக்கக் கொடுத்த எங்கள் சபைப் போதகரை நான் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை.

நாங்கள் மூன்று பேர். லிஃப்ட் மெக்கானிக் கிதார் வாசிப்பார். வேன் டிரைவர் பாடுவார், பாடாத நேரத்தில் குதிப்பார். பகலில் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் நான் டிரம்ஸ். எட்டு மாதமாக மெக்கானிக்கின் ஷெட்டில், கழற்றிப்போட்ட லிஃப்ட் கதவுகளுக்கு நடுவே, தகரக்கூரை அதிர அதிரப் பழகியிருந்தோம். சபையின் ஆண்டு விழா ஞாயிற்றுக்கிழமை. போதகர் நல்லவர், ஆனால் பயந்தவர்.

“வரிக்கு வரி வேதத்தோட ஒத்துப்போகுதான்னு உங்க அத்தான் பார்த்துச் சொல்லட்டும்மா. அவர் சரின்னா மேடை உங்களுக்குத்தான்” என்றார்.

அத்தான் கோடு போட்ட தாளில் நான்கு கட்டம் கட்டினார். வரி, வசனம், பிழை, முடிவு. சிவப்புப் பென்சிலை ஊசிமுனையாகச் சீவிக்கொண்டார்.

முதல் பாட்டில் ‘என் நரம்பில் ஓடும் மின்சாரம் நீர்’ என்று ஒரு வரி. பக்கத்திலேயே சிவப்பில், ‘வேதத்தில் மின்சாரம் இல்லை.’

“அப்போ நம்ம சபையில இருக்கிற மைக் எந்த வசனத்துல இருக்கு அத்தான்?”

பையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். சாயங்காலம் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், ‘உவமை, அனுமதி’ என்று எழுதினார். இதுதான் இந்த மனிதரிடம் உள்ள சிக்கல். திட்டலாம் என்று வாயைத் திறந்தால் நியாயமாக நடந்து தொலைப்பார்.

இரண்டாவது பாட்டில், ‘சாத்தானை ஒரே அடியில் வீழ்த்தினேன்.’ “வீழ்த்தினது நீயா, இயேசுவா?” என்றார். நான் மாற்றினேன். அந்த வரிக்கென்று ஒரு உதை பழகிவைத்திருந்த டிரைவர் மட்டும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவதில், ‘நீர் இருந்தால் கவலையே வராது.’

“உலகத்துல கஷ்டம் உண்டுன்னு அவரே சொல்லியிருக்காரே. அவர் தராத வாக்கை நீ எப்படிம்மா தர்ற?”

‘கவலை வந்தாலும் நீர் இருப்பீர்’ என்று மாற்றினேன். பாட்டு முன்னைவிட நன்றாக இருந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்கென்ன பைத்தியமா? நான்காவது ஒரு கீறல்கூட இல்லாமல் தேறியது. நான் மாடிப்படியில் ஆடிக்கொண்டே ஏறினேன்.

ஐந்தாவதுதான் என் உயிர். மற்ற நான்கும் மூவரும் சேர்ந்து கட்டியவை, இது நான் தனியாக எழுதியது. ஆஸ்பத்திரியில் டோக்கன் சீட்டுகளின் முதுகில், வலியோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். பல்லவியை மூன்று பேரும் சேர்ந்து கத்துவோம்.

ஒரு பிடி கேட்டேன், கூடை சாய்த்தீர்!
உம் தராசு பொய்! உம் தராசு பொய்!
எப்போதும் என் பக்கம் சாயும் தராசு!

அத்தான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

“கள்ளத்தராசு அவருக்கு அருவருப்புன்னு நீதிமொழிகள்ல இருக்கு. அவர் தராசையே பொய்ங்கிறியா? நான் முப்பது வருஷமா என்ன வேலை பார்க்கிறேன்னு தெரியுமா உனக்கு?”

“அந்த வேலையைப் பார்த்துத்தான் அத்தான் எழுதினேன். குறைச்சா களவு. அவர் கூட்டித்தானே தர்றார்?”

“கூட்டினாலும் பிழைதான்.”

“இயேசு சொன்ன கதையில, திராட்சைத் தோட்டத்துல கடைசி ஒரு மணி நேரம் வந்தவனுக்கும் முழுக் கூலி கொடுக்கலையா?”

“அது கூலி. எடை இல்ல.”

இந்தப் பாட்டு இல்லாமல் மேடை ஏறுவதைவிட, டிரம்ஸை லிஃப்ட் கதவுகளோடு சேர்த்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று தோன்றியது. அழுகையும் கோபமும் முட்டிக்கொண்டு வர, லூக்கா ஆறாம் அதிகாரத்தைத் திறந்து அவர் மடியில் வைத்தேன். கொடுப்பவனுக்குத் திருப்பி, அமுக்கிக் குலுக்கிச் சரிந்து விழும்படி அளந்து மடியில் போடுவார்கள் என்று இயேசு சொல்கிற இடம்.

“இது அளவுதானே அத்தான்? கூலி இல்லையே?”

எத்தனையோ முறை வாசித்த வசனம். அன்றைக்குத்தான் அதை அதிகாரியாக வாசித்தார் போல. சட்டென்று எழுந்து, பெட்டியிலிருந்து முத்திரை போட்ட ஒரு லிட்டர் அளவுப் பாத்திரத்தை எடுத்துவந்தார்.

“அரிசி எங்க இருக்கு?”

சமையலறைத் தரையில் அக்காவை உட்காரவைத்து மடியை விரிக்கச் சொன்னார். “என் மடிதான் கிடைச்சுதா உங்களுக்கு?” என்றாள் அவள். அத்தான் காதில் வாங்கவில்லை. விளிம்புவரை அரிசியை நிரப்பினார். பழக்கதோஷத்தில் கை தலையைச் சீவப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“அழுத்தணும்.” உள்ளங்கையால் அழுத்தினார். அரிசி இறங்கியது. மேலே கொட்டினார். “குலுக்கணும்.” குலுக்கினார். மறுபடி இறங்கியது. மறுபடி கொட்டினார். குவியல் எழும்பிச் சரிந்து, அக்காவின் மடியில் சடசடவென்று விழுந்தது.

“அடுத்து என்ன?” என்றேன்.

பைபிளை எட்டிப் பார்த்தார். விரலை வரிமேல் வைத்து இரண்டுமுறை ஓட்டினார்.

“எங்க நிறுத்தணும்னு எழுதலையே.”

“அப்போ?”

“அப்போ நிறுத்தக்கூடாது.”

சாக்கின் வாயைப் பிடித்து அப்படியே சாய்த்தார். மடி நிறைந்து, தரை நிறைந்து, அடுப்புக்கு அடியில் ஓடியது அரிசி. “ஐயோ, இதை யாரு பொறுக்குறது?” என்று கத்திய அக்காவுக்குப் பாதியிலேயே சிரிப்பு வந்துவிட்டது. அவளைப் பார்த்து எனக்கு. எங்களைப் பார்த்து அத்தானுக்கு. தோள் குலுங்க, கண்ணாடி நழுவி அரிசிக்குள் விழ, அந்த மனிதர் சிரித்தார். கண்ணாடியைத் தேடவே எங்களுக்குக் கால்மணி நேரம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை போதகர் கையில் தாள் போய்ச் சேர்ந்தது. ஐந்தாவது பாட்டுக்கு நேராக, ‘பிழை உண்டு. பிழை முழுவதும் வாங்குபவருக்குச் சாதகமாக. வேதத்திலும் அப்படியே. அனுமதி’ என்றிருந்தது. போதகர் அதை இரண்டு முறை படித்துவிட்டு மேடையைக் காட்டினார். நாங்கள் வெளுத்து வாங்கினோம். முன்வரிசையில் காதில் பஞ்சு வைத்து விறைப்பாக உட்கார்ந்திருந்த அத்தான், பல்லவி வந்ததும் பஞ்சைப் பிடுங்கிவிட்டு, “உம் தராசு பொய்!” என்று எல்லோருக்கும் முன்னால் கத்தினார். தாளம் தப்பித்தான். டிரைவர் குதித்த குதியில் மைக் கம்பி பிடுங்கிக்கொண்டது. அப்போதும் சபை பல்லவியைக் கத்துவதை நிறுத்தவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல் டீ. அத்தான் கரண்டியை எடுத்தார். கத்தியைக் காணோம். கரண்டி நிறையக் குவித்து அக்காவின் கோப்பையில் கொட்டினார். இன்னொன்று. அக்கா என்னைப் பார்த்தாள். மூன்றாவது கரண்டியில் பாதி தட்டில் சிந்தியது. அவர் துடைக்கவில்லை. நான்காவதற்குக் கை போனது.

“போதும்ங்க, போதும்!” என்றாள் அக்கா.

இருபத்திரண்டு வருடத்தில் அவள் போதும் என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். வாயில் வைக்க முடியாத இனிப்பு. முகத்தைச் சுளித்துக்கொண்டே கடைசிச் சொட்டுவரை குடித்து, அடியில் கரையாமல் கிடந்த சர்க்கரையையும் விரலால் வழித்துத் தின்றாள்.