சுகந்தி ஏற முடியாத டபுள் கெப்

போன வெள்ளிக்கிழமை காலை, நாலு டயருக்குத் தீபாராதனை காட்டியதைப் பார்த்தேன். எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

வாசகர்கள் கோபிக்க வேண்டாம். வாகனத்துக்குப் பூசை செய்வதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் பழைய ஸ்கூட்டியையே பிள்ளையார் கோயில் வாசலில் தேசிக்காய் வைத்து நசித்து ஓட்டத் தொடங்கினவள்தான் நான். ஆனால் இது புது வாகனம் இல்லை. மூன்று வருடமாக ஓடுகிற டபுள் கெப், முன்னால் இரண்டு வரிசைச் சீட்டும் பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தட்டும் உள்ளது. நல்லாய் இருந்த அந்தக் கெப்பைக் கராஜில் கொடுத்து, உடம்பை மேலே உயர்த்தி, உழவு மெசினுக்குப் போடுகிற மாதிரிப் பென்னாம்பெரிய டயர் நாலைப் பூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்... அதற்குத்தான் இந்தக் கற்பூரமும் மணியும்.

கெப்பின் சொந்தக்காரர் வரதன். என் தங்கை சுகந்தியின் கணவர். இறக்கக்கண்டியில் வீடு. அங்கே கரைக்கு வருகிற மீனை ஐஸ் பெட்டிகளில் அடுக்கி, காலையில் திருகோணமலைச் சந்தைக்குக் கொண்டுவருகிற வியாபாரம். அதே கெப்பின் முன் சீட்டில் சுகந்தியும் வருவாள். அவளுக்கு டவுனில் ஒரு பாமசியில் வேலை. டொக்டர்மாரின் கோழிக் கிறுக்கலை வாசித்து மருந்து எடுத்துக் கொடுப்பாள். அவள் ஒரு நாள் வராவிட்டால் அந்தப் பாமசியே தடுமாறும் என்று முதலாளியே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

சுகந்திக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சீனி வருத்தம். விரலில் வந்த சின்னப் புண், ஆறாமல் ஆறாமல் கடைசியில் காலையே எடுத்துவிட்டது. இப்போது பொய்க்கால் போட்டு நடக்கிறாள். நடை கொஞ்சம் சாயும். வாய் சாயாது.

கெப்பில் ஏறுவதற்கு அவள் தானாகவே ஒரு முறை கண்டுபிடித்து வைத்திருந்தாள். கதவைத் திறந்து, சீட்டுக்கு முதுகைக் காட்டி நிற்பாள். அப்படியே பின்பக்கமாக அமர்வாள் — சீட் அவளுடைய இடுப்பு உயரத்துக்குச் சரியாக இருக்கும். பிறகு பொய்க்காலை இரண்டு கையாலும் பிடித்து உள்ளே எடுத்து வைப்பாள். மற்றக் கால் தானாக வரும். கதவைச் சாத்துவாள். யாரும் கை கொடுக்கத் தேவையில்லை. கொடுக்கப் போனால் ஒரு முறைப்பு முறைப்பாள், அதோடு கையை எடுத்துவிடுவோம்.

இதிலே முக்கியமான விஷயம் என்னவென்றால், இந்தக் கெப்பே அவளுக்காக வாங்கப்பட்டதுதான். ஒப்பரேஷன் முடிந்து அவள் வீட்டுக்கு வந்த காலத்தில் வரதனிடம் ஒரு சின்ன லொறி இருந்தது. அவளால் அதில் ஏற முடியவில்லை. மனிதர் லொறியை விற்றுவிட்டு டபுள் கெப் எடுத்தார்.

“சுகந்தி ஏறி இறங்க வசதியா இருக்கோணும் மச்சாள். அதுக்குத்தான்” என்று என்னிடம் சொன்னார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேப்பரில் நான் எழுதுகிற இதே பத்தியில், பெயர் சொல்லாமல், அவரைப் புகழ்ந்து ஒரு கிழமை முழுக்க எழுதித் தள்ளினேன். ‘அந்த நல்ல மாப்பிள்ளை ஆர்?’ என்று பஸ்ஸில் கண்ட வாசகர்கள்கூட விசாரித்தார்கள். இன்று பகிரங்கமாக அறிவிக்கிறேன் — அந்த வரிகளைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

அந்த மனிதருக்கு என்ன நடந்தது? ஃபோனில் வீடியோ பார்க்கத் தொடங்கினார். அதுதான் நடந்தது. எந்த நாட்டிலோ எந்த மலையிலோ கெப் ஏறுகிறதாம், பாறையில் ஒற்றைச் சில்லைத் தூக்கி நிற்கிறதாம். பிறகு புல்மோட்டையில் ஒரு கூட்டாளி தன் கெப்பை உயர்த்தினான். தம்பலகாமத்தில் இன்னொருவர் உயர்த்தினார். தம்பலகாமத்துக்காரருக்கு வயல் இருக்கிறது, மாரியில் சேறு இருக்கிறது, ஒரு நியாயம் சொல்லலாம். வரதனுக்கு? இறக்கக்கண்டியிலிருந்து டவுன் வரைக்கும் மேடு பள்ளம் இல்லாத வழுவழுப்பான காப்பெட் ரோட். அவர் ஏறுகிற ஆகப் பெரிய மலை, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் போட்டிருக்கும் வேகத்தடை.

கோயிலுக்கு வருவோம்.

கெப் வாசலில் நின்றது. மாலை, சந்தனம், குங்குமம், நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பூசை முடிந்ததும் வீட்டுக்காரி முன் சீட்டில் ஏறி இருக்க வேண்டும், வீட்டுக்காரர் வண்டியை எடுத்துத் தேசிக்காயை நசிக்க வேண்டும். நல்ல நேரத்துக்குள் அது நடந்துவிட வேண்டும்.

சுகந்தி பட்டுச் சேலையோடு வந்து கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். அதுவரைக்கும் அவள் அந்தக் கெப்பைக் கிட்டத்தில் கண்டதில்லை. முதல் நாள் பின்னேரம்தான் கராஜிலிருந்து வந்தது. நேரே கோயிலடிக்குக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

கதவைத் திறந்தாள். சீட் அவளுடைய நெஞ்சு உயரத்தில் இருந்தது. கீழே பார்த்தாள். கால் வைத்து ஏறுகிற படிச்சட்டம் ஒன்று முன்பு இருந்தது. அதையும் கழற்றியிருந்தார்கள். அது இருந்தால் வடிவில்லையாம்.

வழக்கம்போல முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். பழக்க தோஷம். இடுப்புக்குப் பின்னால் சீட் இல்லை, வெறும் இரும்பு. மறுபடி திரும்பினாள். கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள்.

“ஏறு பிள்ளை, நேரம் போகுது” என்றார் வரதனின் தாயார்.

“ஒரு கதிரை இருந்தா எடுத்துத் தாங்கோவன்” என்று சுகந்தி மெதுவாகக் கேட்டாள். ஐயர் உள்ளே ஓடினார். பிளாஸ்டிக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவர் மண்டபத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். நான் பார்த்தேன். வரதனும் பார்த்தார். ஆனால் பொறுக்கவில்லை. இந்தப் பக்கம் வந்து, இரண்டு கையையும் அவளின் கமக்கட்டுக்குள் கொடுத்து, ஒரே தூக்காகத் தூக்கினார்.

சேலை கதவில் மாட்டியது. பொய்க்கால் பக்கவாட்டில் திரும்பி, பாதம் பின்பக்கம் பார்த்தபடி தொங்கியது. அத்தனை சொந்தக்காரரும் ஒரே நேரத்தில் கோபுரத்தைப் பார்த்தார்கள். வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் ஃபோனைக் கீழே இறக்கினார். அந்த ஒரு மனிதருக்கு என் நன்றி.

சுகந்தி சீட்டில் இருந்துகொண்டு, குனிந்து, காலை நேராக்கினாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். ஒப்பரேஷன் முடிந்து கண் திறந்த அன்றுகூட அந்த முகம் இப்படி இருக்கவில்லை.

நாலு தேசிக்காயும் நசிந்தன. எல்லாருக்கும் சந்தோஷம். பின்பக்கத் தட்டில் சொந்தக்காரர்கள் நிறைய ஏறினார்கள். கெப் புறப்பட்டு, கோயில் ஒழுங்கை திரும்புகிற இடத்துக்கு வந்தது. வரதன் ஸ்டியரிங்கை வளைத்தார். கர்ர்ர்... என்று ஒரு சத்தம்.

நிறுத்தினார்கள். “தேசிக்காய்த் தோல் மாட்டிப்போச்சு” என்றார் ஒருவர். இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே படுத்துத் தேடினார்கள். தோல் இல்லை. மறுபடி எடுத்தார்கள். மறுபடி கர்ர்ர்.

“கண்ணூறு. இவ்வளவு சனம் பார்த்தா பின்ன என்ன?” என்றார் வரதனின் தாயார். தேங்காய் வந்தது. கெப்பைச் சுற்றிக் காட்டிச் சந்தியில் அடித்தார்கள். அது நல்லாய்த்தான் சிதறியது. கெப்பை எடுத்தார்கள். கர்ர்ர்.

கடைசியில் வரதன் கராஜுக்கு ஃபோன் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டபடியால் எல்லாருக்கும் கேட்டது.

“ஆக்கள் ஏறினவையோ? அப்ப அப்பிடித்தான் அண்ணை. பாரம் ஏறக் கெப் பதியும். சில்லைத் திருப்பேக்க டயர் மட்கார்டில உரசும். ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. கொண்டுவாங்கோ, உள்ளுக்கு வெட்டிவிடுறன்.”

கேட்டீர்களா? மீன் வியாபாரியின் கெப் அது. அதில் பாரம் ஏறும் என்பது அந்தக் கராஜ்காரருக்குத் தெரியாதா? ரோட் என்றால் வளைவு இருக்கும் என்பதுமா தெரியாது? வெறும் கெப்பை, சில்லை நேராக வைத்துக்கொண்டு, ‘நல்லாய்ப் பொருந்துது’ என்று தட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். இவரும் பார்த்து மயங்கி வந்திருக்கிறார். பொருத்தம் பார்ப்பது என்றால், வேலை செய்கிற நிலையில் வைத்துப் பார்க்க வேண்டாமா? கலியாணத்துக்குக்கூட இதைவிடக் கவனமாகப் பார்க்கிறோம்.

வீட்டுக்கு வந்ததும் நான் தொடங்கினேன்.

“வரதன், டயர் பெருத்துப்போச்சு எண்டு மட்கார்டை வெட்டப் போறீங்களோ? செருப்புக்குத் தக்கதாக் காலை வெட்டுற கதை மாதிரி...”

சொல்லி முடிக்க முன்னமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். சுகந்தி பக்கத்துக் கதிரையில் இருந்து பொய்க்காலின் பட்டியைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். அன்று காலையிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

“சொல்லுங்கோ அக்கா. இந்த வீட்டில அது ரெண்டாம் தரம்.”

வரதன் சிரிக்கவில்லை. “மச்சாள், இப்ப எல்லாரும் இப்பிடித்தான் செய்யினம்” என்றார்.

“எல்லாற்ற பெண்சாதிக்கும் ரெண்டு கால் இருக்கு” என்றேன் நான்.

“அதுக்கென்ன? நான் இருக்கிறன்தானே. ஒவ்வொரு நாளும் தூக்கி ஏத்துவன். அவ என்ன பாரமோ?”

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு ஆகக் கூடின ஆத்திரம். ஒரு மனிசி மாதக்கணக்காக விழுந்து எழும்பிப் பழகி, தன்பாட்டில் ஏறி இறங்குகிற நிலைக்கு வந்திருக்கிறாள். அதைப் பறித்துக்கொண்டு ‘நான் தூக்குகிறேன்’ என்றால் அது என்ன அன்பு? பாமசி வாசலில், பஸ் ஸ்டாண்ட் சனம் பார்க்க, ஒவ்வொரு நாளும் இறக்கிவைப்பாராம். பின்னேரம் ஏற்றுவாராம்.

சுகந்தி பட்டியைக் கட்டி முடித்தாள். “தூக்கி ஏத்துறது ஐஸ் பெட்டியை. நான் ஐஸ் பெட்டி இல்லை” என்றாள். பிறகு எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள்.

வரதன் என்னைப் பார்த்தார். “இதையும் பேப்பரில எழுதிப் போடுவீங்களோ?”

“ஓம், எழுதுவன்” என்றேன். எழுதிவிட்டேன்.

வரதனை மட்டும் சொல்லவில்லை. இறக்கக்கண்டியிலிருந்து டவுனுக்கு வருகிற நிலாவெளி வீதியில் ஸ்கூட்டியில் போகிற எனக்கு இந்த உயர்ந்த கெப்புகளை நல்லாய்த் தெரியும். பொழுதுபட்டால் அவற்றின் லைட் நேரே என் கண்ணுக்குள்தான் அடிக்கும், ஏனென்றால் அந்த உயரத்தில்தான் அது இருக்கிறது. சந்தியில் பக்கத்தில் நின்றால் சாரதிக்கு என் தலைக்கவசத்தின் உச்சிகூடத் தெரியாது. மழை நாளில் பஸ் ஹோல்ட்டில் நிற்கிறவர்களைக் குளிப்பாட்டிவிட்டுப் போவார்கள். எல்லாவற்றையும் மேலேயிருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை எப்போது எங்களுக்கு வந்தது? கூட வருகிறவர்கள் எப்படி ஏறுவார்கள் என்று ஒருவருமே கேட்கமாட்டார்களா?

திங்கட்கிழமை சுகந்தி வேலைக்குப் போனாள். ஒழுங்கை முகப்பில் ஓட்டோ ஓடுகிற நசீர் நானாவிடம் முதல் நாளே சொல்லி வைத்திருந்தாள். வீட்டு வாசல் படலையில் ஓட்டோ வந்து நின்றது. முதுகைக் காட்டி நின்றாள், பின்பக்கமாக அமர்ந்தாள், காலை எடுத்து வைத்தாள். நசீர் நானா கண்ணாடியில்கூடப் பார்க்கவில்லை, நேரே முன்னுக்குப் பார்த்துக்கொண்டு இருந்தாராம். அதற்காகவே அவரைப் பிடித்துப்போயிற்று என்றாள்.

செவ்வாய்க்கிழமை நிலாவெளி வீதியில் நானே அதைக் கண்டேன். முன்னால் ஓட்டோ, தன் கதியில் தடதடத்துக்கொண்டு. பின்னால் அந்தப் பென்னாம்பெரிய கெப், முன் சீட் வெறுமையாக, ஊர்ந்து ஊர்ந்து வருகிறது. ரோட் வெறிச்சென்று கிடந்தது, முந்தியிருக்கலாம். முந்தவில்லை. பாமசி வாசலில் அவள் இறங்கி உள்ளே போகும் வரை தூரத்தில் நின்றுவிட்டுத்தான் சந்தைக்குத் திரும்பினார். கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என் கோபம் போகவில்லை.

புதன்கிழமை ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கி, கெப்பின் இடது கதவடியில் வைத்திருக்கிறார். சுகந்தி அதைத் தாண்டிப் போய் ஓட்டோவில் ஏறினாளாம்.

“இப்ப அந்த ஸ்டூல் என்ன செய்யுது?” என்று ஃபோனில் கேட்டேன்.

“அதில ஏறி நிண்டு அவர்தான் கண்ணாடி துடைக்கிறார்” என்றாள்.

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. கழற்றிய பழைய டயர்களும், ரிம்மும், ஸ்ப்ரிங்கும் வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் கிடந்தன. அவற்றை வாங்க நேற்று ஒரு ஆள் வந்தாராம். வரதன் சந்தையில். சுகந்திதான் வெளியே வந்து கதைத்திருக்கிறாள். “அது விக்கிறதுக்கில்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டாள். பிறகு மழை படாமல் தார்ப்பாயால் மூடி, மேலே கல்லும் வைத்துவிட்டாள்.

வரதன், நீங்கள் இந்தப் பத்தியை வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கழற்றத் தெரிந்தவருக்குத் திரும்பப் பூட்டத் தெரியாதா?