சம்பந்திக்கு ஊற்றிய சாக்கே

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபிரிட்ஜை ஏழு முறையாவது திறந்து பார்த்திருப்பேன். பாட்டில் எங்கும் ஓடிவிடவில்லை. தயிருக்கும் இட்லி மாவுக்கும் நடுவில் ஆடாமல் அசையாமல் நின்றது. ஆடிக்கொண்டிருந்தது நான்தான்.

"ஏங்க, கொஞ்சம் உக்காருங்களேன். கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்றாள் மனைவி.

எப்படி உட்காருவது? மகள் கட்டிக்கொள்ளப் போகும் ஜப்பானியப் பையனின் அப்பா, கெல்லிவில் என்கிற புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அன்று மதியம் சாப்பிட வருகிறார். ஒசாகா பக்கம் சாக்கே விற்கிற கடை வைத்திருப்பவர். சாக்கே என்றால் அரிசியில் செய்யும் மது. தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா? என் அப்பா குடித்தே எங்களை நடுத்தெருவுக்குக் கொண்டுவந்தவர். நான் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. குடிகாரர் இருக்கும் வீட்டுக்கு மகளை அனுப்ப எனக்குப் பயமாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவும் பயமாக இருந்தது. வருகிறவருக்கு ஊற்றிப் பார்த்தால் ஆள் எப்படி என்று தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்.

அதற்காக முந்தின வாரம் அலுவலகம் முடிந்ததும் பரமட்டாவில் ஒரு மதுக்கடைக்குள் நுழைந்தேன். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று ஒரு கண் வாசலிலேயே இருந்தது. கடைக்காரப் பெண் விடவில்லை, வகுப்பே எடுத்தாள். எல்லாம் அரிசியைத் தீட்டுவதில் இருக்கிறதாம். அரிசி, தண்ணீர், புளிக்க வைக்கும் சங்கதிகள் தவிர வெளியிலிருந்து சாராயம் எதுவும் சேர்க்காதது ஜுன்மாய். அதைச் சூடாக்கியும் குடிக்கலாம். அரிசியில் பத்தில் நான்கு பங்கைத் தீட்டித் தள்ளிவிட்டுச் செய்தால் கின்ஜோ. பாதியையே தள்ளிவிட்டால் டைகின்ஜோ. பழ வாசம் வரும், குளிர வைத்துக் கொடுங்கள் என்றாள். கலங்கலாக, கஞ்சித் தண்ணீர் மாதிரி இருந்தது நிகோரி.

தவிடு நீக்காத அரிசிதான் உடம்புக்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் தினமும் பாடம் நடத்துகிறவன் நான். பாதி அரிசியைத் தீட்டித் தள்ளுகிற ஆட்கள் மேல் சந்தேகம் இன்னும் கூடியது. இருந்தாலும் டைகின்ஜோவைத்தான் வாங்கினேன். குடிகாரராகவே இருக்கட்டும், சம்பந்தி இல்லையா.

மகனோடு வந்தவர் ஒல்லியாக, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தார். சாக்கே குடிக்கும் குட்டிக் கிண்ணம் வாங்க மறந்திருந்தேன். பாயசக் கிண்ணத்தில் நிறைய ஊற்றினேன். அவர் முகர்ந்து பார்த்து, "டைகின்ஜோ" என்று சந்தோஷமாகச் சிரித்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து முடித்தார். விருந்தாளியைக் காலிக் கிண்ணத்தோடு உட்கார வைப்பது என்ன மரியாதை? மறுபடி ஊற்றினேன். இரண்டு கையாலும் கிண்ணத்தை ஏந்தி, தலை குனிந்து வாங்கிக்கொண்டார். அதுவும் காலி. மூன்றாவதும் காலி.

சமையலறைக்குப் போய், "பாத்தியா? ஊத்த ஊத்த உள்ள போகுது. நான் சொல்லல?" என்று மனைவியிடம் முணுமுணுத்தேன். சொன்னது பலித்துவிட்ட திருப்தி எனக்கு இருந்தது. அதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

நான்காவது கிண்ணமும் முடிந்ததும் மறுபடி பாட்டிலை எடுக்கச் சமையலறைக்குப் போனேன். மகள் பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்தாள்.

"அப்பா, போதும், ஸ்டாப் பண்ணுங்க. அவர் வீட்ல ஒரு சின்னக் கிண்ணத்துக்கு மேல தொட மாட்டாராம். மிச்சம் வச்சா நீங்க வருத்தப்படுவீங்கன்னு பயந்து குடிக்கிறார். ஊத்துறது நீங்கதானேப்பா?"

பாட்டிலைப் பார்த்தேன். அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

மூன்று மணிக்கு அவர்கள் கிளம்பினார்கள். பையன் காரைத் திருப்பப் போயிருந்தான். வாசலில் ஷூவுக்குள் அவருடைய கால் நுழையவில்லை. சுவரைப் பிடித்தார், கை வழுக்கியது. நான் தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்தேன். தள்ளாடுகிறவர் காலைப் பிடிப்பது என் கைக்குப் பழகிய வேலை. பத்து வயதில் அப்பாவுக்குத் தினமும் செருப்பைக் கழற்றிவிட்டவன் நான். 'மன்னிச்சிடுடா' என்று ஒரு தடவையாவது சொல்வார் என்று ஒவ்வொரு நாளும் காத்திருப்பேன். சொன்னதே இல்லை.

சம்பந்தி என் தோளைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில், "சாரி, சாரி" என்றார். முகம் சிவந்து, கண் கலங்கியிருந்தது.

மன்னிப்புக் கேட்க வேண்டிய நான் அவர் காலடியில் உட்கார்ந்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வார்த்தை என் தொண்டை வரைக்கும் வந்தது. மகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சைப் போட்டேன், அவிழ்த்தேன், மறுபடி போட்டேன். வார்த்தை வெளியே வரவில்லை. அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று அன்றுதான் முதல் முறையாக நினைத்தேன்.