மான் தொட்டியடியில் சிந்திய சோளம்

தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவின் பின்புறம் வரும் மான்களுக்குத் தொட்டியில் சோளம் போடுவது என் வேலை. கீழே சிந்தியதை நான் தொட்டதே இல்லை. கையில் நாலு சோளமணி இருந்தாலும் திருட்டு என்று சொல்லி, தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஏட்டில் அன்றைய பேரை வெட்டிவிடுவார், கூலி போய்விடும்.

சிந்தியது மழையில் புளித்து நாறியது. அந்த நாற்றத்துக்கு வந்த காட்டுப்பன்றி ஒருநாள் காலை என்மேல் பாய்ந்தது. கையிலிருந்த சோளக் கூடையை அதன் முகத்தில் எறிந்துவிட்டுக் கொய்யா மரத்தில் ஏறினேன். அதற்குள் அதன் பல் பட்டுக் குதிகால் கிழிந்துவிட்டது.

"கூடைச் சோளம் எங்கடி?" என்றார் கணக்கப்பிள்ளை.

"பன்னிகிட்ட கேளுங்கய்யா. இனிமே சிந்துனத கூட்டி அள்ளத்தான் போறேன். திருட்டுன்னா பேர வெட்டுங்க!"

என் காலில் வழிந்த இரத்தத்தைப் பார்த்தவர் ஏட்டை மூடிவைத்தார்.

இப்போது தினமும் ஒரு சோளமணிகூட விடாமல் கூட்டி அள்ளி, மண்ணும் ஈரமுமாக அவர் மேசைமேலேயே கொட்டிவிட்டு வருகிறேன்.